பையில் இருப்பதும் கையில் வருவதும்

முன்னுரை

பினாங்குத் தீவைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வருவது இங்குள்ள இளைஞர்கள் பலருக்கு ஓர் ஆசை. டத்தோ கிராமாட் சாலையில் குடியிருக்கும் எனக்கும் அந்த ஆசை இருந்தது. கொம்தாரிலிருந்து ஆயர் ஈத்தாம் நோக்கி நாள் முழுவதும் வண்டிகள் ஓடும் சாலை இது. ஒரு காலத்தில் ஈயம் உருக்கிய இடத்தில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறது. சற்றுத் தள்ளிப் பாடாங் பிரௌன் திடலும் உணவுக் கடைகளும் உள்ளன. சாலையோரத்தில் கண்ணாடித் துண்டு, ஆணி, கம்பி எல்லாம் கிடக்கும். இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவருக்குப் பஞ்சர் புதிதன்று.

அப்படியிருந்தும் பஞ்சரைப் பற்றி நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஓர் அவமானத்திற்குப் பிறகுதான். அன்று கற்றதையும் பின்னர்ப் படித்தும் செய்தும் பார்த்ததையும் கழக நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ரோட் பைக் எனப்படும் மெல்லிய டயர் கொண்ட சைக்கிளை ஓட்டுபவர்கள் எவற்றைக் கட்டாயம் உடன் எடுத்துச் செல்ல வேண்டும், எவற்றை விட்டுவிடலாம், அவற்றை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தித்தி கெராவாங் மலையில் ஒரு மாலை

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி அப்போது படிவம் 4இல் படித்துக்கொண்டிருந்தான். புதிதாக வாங்கிய பழைய ரோட் பைக்கில் என்னுடன் வர வேண்டும் என்று பல வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா, "நீ கூட இருக்கேன்னுதான் அனுப்புறேன். இருட்டுறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடுப்பா" என்றார். "சரிங்க ஆண்டி" என்று நானும் தலையாட்டினேன்.

காலையில் மழை பெய்ததால் மதியத்திற்குப் பிறகே புறப்பட்டோம். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பகாங் வழியாகச் சென்று, அணைக்கட்டைக் கடந்து மலையேறினோம். தித்தி கெராவாங் நீர்வீழ்ச்சியைத் தாண்டிப் பாலிக் புலாவ் பக்கம் இறங்கும்போது தம்பி பின்னாலிருந்து, "அண்ணே, பின்னாடி ஆடுது" என்று கத்தினான். பின் சக்கரத்தில் காற்று இல்லை.

எனக்குப் பதற்றம் இல்லை. என் இருக்கைப் பையில் ஒரு புதிய டியூப், இரண்டு டயர் நெம்பி, ஒட்டுத் துண்டுகள், பசை, பம்பு எல்லாம் இருந்தன. டயரைக் கழற்றி, டியூபை மாற்றி, காற்றடித்து, கால் மணி நேரத்தில் வேலையை முடித்தேன். தம்பி என்னைப் பெரிய நிபுணரைப் பார்ப்பது போல் பார்த்தான். ஆனால் இரண்டு வளைவுகளைக் கூடக் கடக்கவில்லை. மறுபடியும் காற்று இறங்கிவிட்டது.

இனி ஒட்டுப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பசைக் குழாயைப் பிதுக்கினேன், ஒன்றும் வரவில்லை. ஒரு வருடத்திற்கு முன்பு ஒரு தடவை திறந்து மூடிய குழாய் அது. உள்ளே இருந்த பசை காய்ந்து கட்டியாகிவிட்டிருந்தது. அதற்குள் பொழுது சாய்ந்தது. தம்பியின் சைக்கிளில் பின் விளக்கு இல்லை. சாலையோரமாக ஒதுங்கி நடக்கவும் இடமில்லாத வளைவுகள். மேலிருந்து கார்கள் வேகமாக இறங்கின. என் விளக்கை அவன் முதுகுப் பையில் மாட்டிவிட்டு, அவனை உட்புறமாக நடக்கவிட்டு, இருவரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். ஒவ்வொரு கார் வரும்போதும் அவன் அம்மாவின் முகம்தான் என் கண்முன் வந்தது.

லாரியில் வந்த ஒரு மலாய்ப் பெரியவர் எங்களைக் கண்டு நிறுத்தி, பாலிக் புலாவ் வரையில் ஏற்றிச் சென்றார். அங்கிருந்து அப்பாவைக் கைத்தொலைபேசியில் அழைத்து, வீடு வந்து சேர இரவு பத்து மணியாகிவிட்டது. ஆண்டி மின்தூக்கியின் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னை ஏசவில்லை. மகனின் கைகால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே அழைத்துப் போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிரவு அந்த டயரைக் கழற்றி உட்புறம் முழுவதும் தடவினேன். முடியளவு மெல்லிய ஓர் இரும்புக் கம்பி குத்தி நின்றது. முதல் டியூபைத் துளைத்த அதே கம்பிதான் இரண்டாவதையும் துளைத்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பசையைக் கடைசியா எப்பப்பா திறந்து பார்த்தே?"

அப்பா இளவயதில் பழைய ரேலி சைக்கிளில் வேலைக்குப் போனவர். ஒரு மிட்டாய் டப்பாவில் ஒட்டுத் துண்டு, உப்புத்தாள், பசை, ஒரு ஸ்பேனர் வைத்திருந்தார். வேலைக்குத் தாமதமானால் அன்றைய சம்பளம் குறையும். ஆகவே, அந்த டப்பாவை மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பாராம். என் பையிலும் பொருள்கள் குறைவில்லை. ஆனால், அதை நான் திறந்து பார்த்ததே இல்லை.

காற்றடைத்த டயரும் பஞ்சரும்

காற்றடைத்த டயர் தோன்றிய நாளிலிருந்தே பஞ்சரும் உடன் வந்துள்ளது. இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், அது மக்களிடம் பரவவில்லை. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகச் செய்த டயரே உலகெங்கும் பரவியது. தொடக்கக் காலத்தில் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சரானால் அதைப் பிரித்து, ஒட்டி, பசை காயும் வரை காத்திருக்க வேண்டும். 1891ஆம் ஆண்டில் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரை அறிமுகப்படுத்தினர். அதே ஆண்டு நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும் பந்தயத்தில் அந்த டயரைப் பயன்படுத்திய ஷார்ல் தெரோன் வெற்றி பெற்றார். சாலையோரத்தில் அமர்ந்து தன் பஞ்சரைத் தானே சரிசெய்யலாம் என்ற நிலை அதன்பின் உருவானது எனலாம்.

பழைய தூர் தெ பிரான்ஸ் பந்தயங்களில் வீரர்கள் தங்கள் சைக்கிளைத் தாங்களே பழுதுபார்க்க வேண்டும் என்பது விதி. மாற்று டயர்களைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். 1913ஆம் ஆண்டில் யூஜின் கிறிஸ்தோஃப் என்ற வீரரின் முன் கவடு தூர்மலே மலையில் முறிந்தது. அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, ஒரு கொல்லன் பட்டறையில் தாமே அதைச் சரிசெய்தார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதி உதவினான் என்பதற்காக அவருக்குத் தண்டனையும் கிடைத்தது.

நம் மண்ணிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் கரையிறங்கத் தொடங்கிய ஜப்பானியப் படையினர் பெருமளவில் சைக்கிளிலேயே தெற்கு நோக்கி வந்தனர். வெப்பத்தில் டயர்கள் அடிக்கடி பஞ்சராயின. படையுடன் பழுதுபார்ப்போர் இருந்தும் அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. பல வீரர்கள் டயரைக் கழற்றிவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இதை அப்படையின் அதிகாரி சுஜி மசநோபு தம் நூலில் எழுதியுள்ளார். அந்த முரட்டு இரும்பு ரிம்களுக்கு அது தாங்கியிருக்கலாம். நம் அலுமினிய ரிம்முக்கோ கார்பன் ரிம்முக்கோ அது தாங்காது. காற்றில்லாமல் ஓட்டினால் டயர் கிழியும், ரிம் கெடும், வளைவில் சக்கரம் வழுக்கி விழவும் நேரும். ஆகவே, காற்று இறங்கினால் உடனே நிறுத்துவதே முதல் பாடம்.

பையில் இருக்க வேண்டியவை

"எல்லாவற்றையும் எடுத்துப் போ" என்று சொல்வது எளிது. ஆனால், பாரம் கூடினால் நாளடைவில் பையையே வீட்டில் விட்டுவிடுவோம். நான் இப்போது எடுத்துச் செல்பவை இவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்டாது.

1. ஒரு மாற்று டியூப். டயரின் பக்கவாட்டில் 25-622 என்பது போன்ற எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில் உள்ளவை. டியூப் அதற்குப் பொருந்த வேண்டும். வால்வின் நீளத்தையும் பாருங்கள். உயரமான ரிம்மாக இருந்தால் குட்டை வால்வு வெளியே எட்டாது, காற்றடிக்க முடியாது. நண்பருடன் செல்லும்போது அவருடைய அளவையும் கேட்டுக்கொள்வது நல்லது.

2. இரண்டு பிளாஸ்டிக் டயர் நெம்பிகள். இரும்புக் கரண்டியோ ஸ்குரு டிரைவரோ டியூபைக் கிழித்துவிடும்.

3. ஒட்டுத் துண்டுகள், உப்புத்தாள், திறக்காத பசைக் குழாய் ஒன்று. பசை என்பது எளிதில் ஆவியாகும் கரைப்பானில் கரைத்த ரப்பர். மூடியை ஒரு தடவை திறந்துவிட்டால் கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேறும். நம் நாட்டு வெயிலில் இன்னும் விரைவாக. எனவே, வீட்டில் பயன்படுத்தும் பசை வேறு, பையில் இருக்கும் பசை வேறு என வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு சிறிய கைப்பம்பு. 16 கிராம் கரியமில வாயுக் குப்பி சில விநாடிகளில் டயரை நிரப்பும். பந்தயத்தில் அது உதவும். ஆனால் கை தவறினால் அந்தக் குப்பி வீண். மேலும் கரியமில வாயு டியூபின் வழியே சாதாரணக் காற்றைவிட விரைவாகக் கசியும். மறுநாள் மீண்டும் காற்றடிக்க வேண்டும். பம்பு மெதுவானதுதான். ஆனால், எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒன்றுதான் எடுத்துச் செல்ல முடியும் என்றால் பம்பையே எடுத்துச் செல்லுங்கள்.

5. ஒரு சிறிய பன்முகக் கருவி. அதில் 4, 5, 6 மில்லிமீட்டர் அறுகோணச் சாவிகள் இருக்க வேண்டும். சில சைக்கிள்களின் சக்கரத்தைக் கழற்றவே இந்தச் சாவி தேவை. உங்கள் சைக்கிளுக்கு எது வேண்டும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

6. டயர் வெட்டுப்பட்டால் உள்ளே வைக்க ஒரு கெட்டியான துண்டு. வெட்டு பெரிதாக இருந்தால் புதிய டியூபும் அதன் வழியே பிதுங்கி வெடிக்கும். பழைய டயரின் பக்கவாட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்திற்கு வெட்டி வைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லாத அவசரத்தில் நம் ஒரு வெள்ளி நோட்டு கைகொடுக்கும். அது பிளாஸ்டிக் நோட்டு என்பதால் எளிதில் கிழியாது. மடித்து உள்ளே வைத்து, குறைந்த காற்றில் மெதுவாக வீடு திரும்பலாம்.

7. ஒரு சோடி மெல்லிய ரப்பர்க் கையுறை. சங்கிலி எண்ணெய் படிந்த கையுடன் பிரேக் பிடிப்பது நல்லதன்று. சுருட்டினால் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

இவற்றுடன் பின் விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பகலில் புறப்பட்டாலும் கூட. பஞ்சர் நம் நேரத்தைத் தின்றுவிடும் என்பதை நான் அந்த மலையில் கண்டேன்.

செய்முறை

முதலில் சாலையிலிருந்து விலகிப் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள். பின் சக்கரமானால் சங்கிலியைப் பின்பக்கத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்திற்கு மாற்றிய பின் கழற்றினால் எளிதாக வரும். மீதமுள்ள காற்றை வெளியேற்றி, டயரின் இரு ஓரங்களையும் விரலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்திற்குத் தள்ளுங்கள். இப்படிச் செய்தால் டயர் தளரும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் நெம்பியைச் செருகி ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுங்கள். டியூபை உருவுங்கள்.

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். புதிய டியூபை உடனே போடாதீர்கள். பழைய டியூபில் காற்றடித்துத் துளையைக் கண்டுபிடியுங்கள். காதருகே கொண்டு சென்றால் ஓசை கேட்கும். உதட்டருகே கொண்டு சென்றால் காற்றுப் படும். பின்பு டியூபை டயரின் மேல், வால்வு அதே இடத்தில் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். துளைக்கு நேரே டயரில் எங்கே தேட வேண்டும் என்பது தெரியும். இதற்காகவே, டயரில் அச்சிட்டுள்ள பெயரை வால்வுக்கு நேராக வைத்து மாட்டும் பழக்கம் உண்டு.

துளையின் வடிவம் காரணத்தைச் சொல்லிவிடும். சாலையைப் பார்த்த பக்கத்தில் ஒரே துளை என்றால் முள், கண்ணாடி, அல்லது கம்பி. இரண்டு துளைகள் அருகருகே பாம்பு கடித்தது போல இருந்தால், காற்றுக் குறைவாக இருந்தபோது குழியில் இறங்கி டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. ரிம்மைப் பார்த்த உட்பக்கத்தில் துளை என்றால் ரிம் பட்டை விலகி, கம்பித் துளையின் விளிம்பு குத்தியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்பை ஆட்டி ஆட்டி அடித்ததே பெரும்பாலும் காரணம். அந்தக் கிழிசலை ஒட்ட முடியாது.

டயரின் உட்புறத்தை ஒரு பஞ்சுத் துண்டால் அல்லது துணியால் சுற்றிலும் தடவுங்கள். எங்காவது நூல் மாட்டினால் அங்கே முள் இருக்கிறது. வெறும் விரலால் வேகமாகத் தடவினால் விரல் கிழியும். கனவாகன டயர்கள் வெடித்துச் சிதறும்போது அவற்றிலுள்ள மெல்லிய கம்பிகள் சாலையோரத்தில் கிடக்கும். டயரில் குத்திய அக்கம்பி சில நேரம் கண்ணுக்கே தெரியாது. நாம் ஏறி அமர்ந்து டயர் அழுந்தும்போது மட்டுமே அதன் முனை உள்ளே நீளும். எனவே டயரை வெளிப்புறமாக வளைத்து, அழுத்தித் தேட வேண்டும். மழை பெய்த பிறகு இன்னும் கவனமாகத் தேடுங்கள். மழைநீர் குப்பையைச் சாலையோரத்திற்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஈரமான ரப்பரைக் கண்ணாடி எளிதாக அறுக்கும்.

காரணத்தை நீக்கிய பிறகு, புதிய டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்குச் சிறிது காற்றடித்து உள்ளே வையுங்கள். டயரை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கிக் கைவிரலால் மாட்டிக்கொண்டே வந்து வால்வின் அருகே முடியுங்கள். நெம்பியால் மாட்டினால் புதிய டியூபும் கடிபடும். இறுதியில் வால்வை மேலே தள்ளி இழுத்து, இரு பக்கமும் சுற்றிப் பார்த்து, டியூப் எங்கும் பிதுங்கவில்லை என உறுதி செய்தபின் காற்றடியுங்கள்.

ஒட்டுப் போட வேண்டுமென்றால் டியூபை உலர்த்தி, துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாக மெல்லியதாகப் பசை பூசுங்கள். பிறகு காத்திருங்கள். கரைப்பான் ஆவியாகிப் பசையின் பளபளப்பு மங்கிய பின்னரே துண்டை அழுத்த வேண்டும். ஈரப்பசையில் ஒட்டினால் கழன்றுவிடும். ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ரப்பர் ஒட்டுவதில் நமக்கு அவசரம் கூடாது.

வீட்டில் ஒரு பயிற்சி

நான் இப்போது மாதம் ஒரு முறை பையைத் திறக்கிறேன். பம்பால் உண்மையிலேயே காற்றடித்துப் பார்க்கிறேன். பசைக் குழாய் மென்மையாக இருக்கிறதா என அமுக்கிப் பார்க்கிறேன். மாற்று டியூபை ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கிறேன். இல்லையென்றால் கருவியுடன் உரசி அதிலேயே துளை விழும்.

அந்தச் சம்பவத்திற்கு மூன்று வாரம் கழித்து, தம்பியை எங்கள் வீட்டு வரவேற்பறைக்கு அழைத்தேன். பழைய செய்தித்தாளை விரித்து, அவன் பின் சக்கரத்தை அவன் கையில் கொடுத்தேன். நான் தொடவில்லை. முதல் முறை அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் முறை டியூபைக் கடித்துவிட்டான். மூன்றாம் முறை சரியாக வந்தது. நடுவில் அவன் அம்மா வந்து வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்தார். "ஒழுங்கா தேடிப் பார்த்தியாடா? உள்ள கம்பி இருக்கப் போகுது" என்றார். மகன் துணியை எடுத்து மறுபடியும் ஒரு சுற்றுத் தடவினான்.

முடிவுரை

சிறு பை போதும், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பை ஒரு சங்கிலி போன்றது. டியூப் இருந்து பம்பு இல்லையென்றாலும், எல்லாம் இருந்து பசை காய்ந்திருந்தாலும், பசை இருந்து கம்பியைத் தேடாவிட்டாலும் பயன் ஒன்றே: தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். ஆகவே நண்பர்களே, இந்த வாரமே உங்கள் பையைத் திறந்து பாருங்கள். ஓட்டைவிழாத டயரையே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். அதுவும் உங்களை நம்பி இன்னொருவர் பின்னால் வருகிறார் என்றால், கட்டாயம் பாருங்கள்.

போன மாதம் நாங்கள் இருவரும் மீண்டும் தீவைச் சுற்றினோம். இம்முறை விடியற்காலையிலேயே புறப்பட்டோம். தித்தி கெராவாங்கில் பஞ்சர் எதுவும் இல்லை. புக்கிட் கெந்திங் இறக்கத்தில் என் முன் டயரில்தான் காற்று இறங்கியது. தம்பி என்னை நகரச் சொல்லிவிட்டுத் தன் பையைத் திறந்தான்.